நத்தாரின் நதிமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்த்தல் ஆகாது என்பது நம்மவர் வழங்கிவரும் பழமொழி. அதைச் சொல்லிவைத்தவர்கள் விவேகிகள். மூலத்தைத் தேடிப் புறப்படுகிறவன் பெரும்பாலும் பிறனை இழிவுபடுத்த ஓர் ஆயுதத்தைத் தேடியே புறப்படுகிறான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயினும் நாம் ஆசிரியர்கள். மாணவன் வினாவொன்றைக் கேட்டபின், பழமொழியைக் காட்டி அவன் வாயை மூடிவிடுதல் நம் தொழிலுக்கு அடாது. நத்தார்ப் பண்டிகை பற்றி அத்தகைய வினா ஒன்று நம்மிடம் கேட்கப்பட்டது. ஆகவே நதிமூலம் பார்ப்போம். ஆனால் நேர்மையாகப் பார்ப்போம்.

கேட்டவன் நம்மிடம் படித்துச் சென்ற இளைஞன். பாசிக்குடாக் கரையிலுள்ள உல்லாச விடுதியொன்றில் வேலை பார்க்கிறான். சென்ற டிசெம்பரில், மாரி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலையில், வீதியால் வந்த நாம் அவனை விடுதி வாயிலிற் கண்டோம். செந்நிறத் தடித்த உடையும், பஞ்சுத் தாடியும், வயிற்றிற் கட்டிய தலையணையுமாக நின்று, பிறநாட்டு விருந்தினரின் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தான். வியர்வை தாடியை நனைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மரமொன்றிற் பஞ்சு பனியென ஒட்டப்பட்டிருந்தது. நம்மைக் கண்டதும் வெட்கத்தோடு ஒதுங்கி வந்து, "சேர், இந்த உடுப்பு ஆர்ர? எங்கட ஆக்கள் எப்ப இருந்து இதைப் போடுறாங்க?" என்றான். இந்த வேலைக்கு மேலதிகச் சம்பளம் உண்டா என்று நாம் கேட்டோம். இல்லை என்றான்.

அவன் கேட்டதும் நாம் கேட்டதும் இரு வேறு வினாக்கள் அல்ல. அவை ஒன்றே என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவனுக்கு விடை சொல்ல இப்பகுதியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று வகையினர் முந்திக்கொண்டு வருகிறார்கள். முதல் வகையினர் பண்பாட்டுக் காவலர். நத்தார் பறங்கி கொண்டுவந்த பண்டிகை, தமிழ்ப் பிள்ளை படிக்கும் வகுப்பறையிற் பாலன் குடில் எதற்கு என்பது அவர்கள் வாதம். இரண்டாம் வகையினர் புதிதாய் முளைத்த செபக்கூட்டத்தார் சிலர். டிசெம்பர் 25 சூரிய தேவனின் பிறந்தநாள், மரம் அஞ்ஞானிகளின் விக்கிரகம், மெய்யான விசுவாசி இவற்றைத் தீண்டலாகாது என்று அவர்கள் துண்டுப்பிரசுரம் விநியோகிக்கிறார்கள். மூன்றாம் வகையினர், சொல்ல வெட்கமாயிருக்கிறது, நம் தோழர்களே. நத்தார் தாத்தா கொகா கோலா கம்பனி பெற்ற பிள்ளை, முழுப் பண்டிகையும் முதலாளித்துவச் சரக்கு என்று சொல்லிவிட்டு அவர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இம்மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். ஆனால் மூவரின் தருக்கமும் ஒன்றே: மூலம் மாசுடையது, ஆதலாற் பொருளும் மாசுடையது. இத்தருக்கம் தவறு என்கிறோம். இவர்கள் காட்டும் மூலங்களிற் பல சரித்திரப்படியும் தவறு என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தருக்கம் கேட்கவேண்டிய கேள்வியை மறைத்துவிடுகிறது என்கிறோம்.

*

முதலிலே திகதியை எடுத்துக்கொள்வோம்.

இயேசு பிறந்த நாள் எதுவென்று சுவிசேஷங்கள் கூறவில்லை. ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமெந்து, அக்காலத்தவர் கணித்துச் சொன்ன பல நாட்களைக் குறித்திருக்கிறார். அவற்றுள் டிசெம்பர் 25 இல்லை. அந்நாளைக் குறிப்பிடும் முதற்சான்று உரோமாபுரியில் 354இல் தொகுக்கப்பட்ட ஆண்டேட்டில் உள்ளது. அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் முடிபு. அதே தொகுப்பின் மற்றொரு பகுதியில், அதே நாளுக்கு எதிரே, வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாள் என்ற குறிப்பும் உள்ளது. சூரியனுக்குப் பேரரசன் ஒரேலியன் 274இல் உரோமையிற் கோயில் எடுத்தான் என்பது உண்மை. ஆனால் அவ்விழா டிசெம்பர் 25இல் நடந்தது என்பதற்கு அவன் காலத்துச் சான்று கிடையாது. உலகு படைக்கப்பட்டதும், இயேசு கருவாய் உருவானதும், சிலுவையில் மரித்ததும் மார்ச் 25 என ஆதித் திருச்சபையாரிற் சிலர் கணித்தார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசெம்பர் 25 வரும் என்பது மற்றொரு கொள்கை. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஆம் நாளையே கொண்டாடுகிறது. உரோமரின் சனிதேவன் விழாவோ டிசெம்பர் 17இல் தொடங்குவது. 25ஆம் நாள் வருமுன்னரே முடிந்துவிடுவது.

துண்டுப்பிரசுரக்காரர் நிரூபணமான இரகசியம் என்று முரசறையும் செய்தி, அறிஞர் மன்றில் இன்னும் தீராத வழக்கு. அது நாளையே தீர்ந்து, திகதி சூரியனுடையது என்றே ஆனாலும் என்ன? சூரியனுக்குத் தைப்பொங்கல் இடும் நாட்டில் அதுவும் ஒரு குற்றமா?

திகதியைக் காட்டிலும் பெரிதொரு செய்தி இதில் உண்டு. ஐரோப்பிய உழவனுக்கு டிசெம்பர் எத்தகைய மாதம்? அறுவடை முடிந்து தானியம் களஞ்சியம் சேர்ந்துவிடும். குளிர்காலத்துக்குத் தீனி போதாத கால்நடைகள் அறுக்கப்படும். புதிய மது புளித்து முற்றியிருக்கும். நிலம் உறைந்து கிடக்கையில் வயலில் வேலை இராது. உண்ண உணவும் ஓய்வும் ஒருங்கே கிடைத்த ஆண்டின் ஒரே காலம் அது. பண்டிகை அங்கே தங்கியது வானத்துச் சூரியனால் மட்டுமன்று. நிலத்து உழைப்பின் ஒழுங்கினாலும் ஆகும். இதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் கல்குடாவுக்குத் திரும்புகையில் இது வேண்டியிருக்கும்.

*

அடுத்து மரம். பண்டைய ஐரோப்பியக் காட்டுப் பூசாரிகளின் விக்கிரகம் என்று இதைப் பழிக்கிறார்கள். அந்தப் பூசாரிகளிலிருந்து நத்தார் மரம்வரை தொடர்ந்துவரும் சான்றெதுவும் இல்லை. சான்று காட்டுவது வேறிடத்தை. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் மொழி வழங்கிய நகரங்களிலும் பால்டிக் கரை நகரங்களிலும் வணிகரும் கைவினைஞரும் தத்தம் சங்க மண்டபங்களில் மரம் நாட்டி, ஆப்பிளும் பண்டமும் தொங்கவிட்டு மகிழ்ந்தார்கள். டிசெம்பர் 24 ஆதாம் ஏவாள் திருநாள். அன்று தேவாலய முன்றிலில் நடித்த நாடகத்தில் ஏதேன் தோட்டத்தைக் குறிக்க ஆப்பிள் தொங்கும் மரமொன்று நிறுத்தப்பட்டது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகர வீடுகளிற் காகித ரோசாவும் ஆப்பிளும் தொங்கும் மரங்களைக் கண்டதாகப் பயணி ஒருவர் எழுதியுள்ளார். ஆங்கிலேயர் இதைப் பெருவழக்காய்க் கொண்டது வெகு பின்னர். விக்டோரியா இராணியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் லண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது; அதன்பின் நடுத்தர வகுப்பார் வீடெல்லாம் மரம் முளைத்தது. கைவினைஞன் மண்டபத்திலிருந்து அரண்மனைக்கும், அரண்மனையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பாசிக்குடா விடுதிக்கும் நடந்த மரம் அது.

பாலன் குடிலின் கதை எளியது. இத்தாலியின் கிரெச்சோ ஊரில் 1223இல் அசிசியின் பிரான்சிஸ் அடிகள் வைக்கோல் பரப்பி, மாடும் கழுதையும் கட்டி, ஊராரைக் கூட்டி நத்தார் வழிபாடு நடத்தினார். செல்வத்தைத் துறந்த மனிதர், ஏழைத் தாய்க்குத் தொழுவத்திற் பிறந்த பிள்ளையை ஏழை மக்கள் தம் கண்ணாற் காணவேண்டும் என்று விரும்பினார். இன்று நம் பிள்ளைகள் நத்தாருக்குச் சில நாள் முன்பே தகரப்பேணியில் நெல்லை முளைக்கவிட்டு, அந்தப் பசும் நாற்றைக் குடிலைச் சுற்றி வயலாக வைக்கிறார்கள். பெத்லகேமில் நெல் விளைந்ததா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்பவர்கள் பெரியவர்களே.

*

தூய்மை பேசுவோர் அதிகாரத்துக்கு வந்தால் என்ன நேரும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சரித்திரத்தில் அது நடந்தேறியிருக்கிறது.

இங்கிலாந்திலே தூய்மைவாதிகள் ஆதிக்கம் பெற்ற பாராளுமன்றம் 1647இல் நத்தாரைச் சட்டத்தால் ஒழித்தது. கடைகள் திறந்திருக்க வேண்டும், வேலை நடக்கவேண்டும் என்பது கட்டளை. அவ்வாண்டு நத்தாரன்று கன்ரபரி நகரில் கடை திறக்கச் சொன்ன அதிகாரிகளுக்கெதிராக மக்கள் கலகம் செய்தார்கள். கடல் கடந்து அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தார் 1659இல், நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தார்கள். 1681வரை அச்சட்டம் நின்றது. ஸ்கொட்லாந்தில் நத்தார் பொது விடுமுறையானது 1958இலே தான். தூய்மையின் பெயரால் பறிக்கப்பட்டது எது? தொழிலாளியின் ஓய்வு நாள். கடை திறக்காதே என்று அன்று மக்கள் கல்லெறிந்தார்கள். இன்று நத்தார் என்றாலே திறந்த கடை என்றாகிவிட்டது. இடையில் நடந்தது என்ன என்பதற்குப் பின்னர் வருவோம்.

நம் நாட்டுக்கும் இதிலே பங்குண்டு. ஒல்லாந்தர் 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்குத் தஞ்சம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளையிட்டார்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் இரகசியமாய்க் கூடியிருந்த கத்தோலிக்க மக்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சூழ்ந்து பிடித்தார்கள். அவர்களிடையே மறைந்து பணியாற்றியவர் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். பிடித்தவரும் கிறிஸ்தவர், பிடிபட்டவரும் கிறிஸ்தவர். துண்டுப்பிரசுரம் விநியோகிக்கும் அன்பர்கள் தாம் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

*

இனி நம் தோழர்களிடம் வருவோம். நத்தார் தாத்தாவின் செவ்வுடை கொகா கோலாவின் கண்டுபிடிப்பு என்பது கட்டுக்கதை. நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த நிக்கலஸ், குழந்தைகளின் காவலராக ஐரோப்பாவெங்கும் போற்றப்பட்டார். அவர் பெயரும் விழாவும் ஒல்லாந்தர் வழியே நியூயோர்க்கில் அறிமுகமாயின. 1823இல் அங்கே வெளிவந்த ஒரு பாடல் அவரை மானிழுக்கும் வண்டியிலேற்றிப் புகைபோக்கி வழியே இறக்கியது. 1863முதல் தோமஸ் நாஸ்ற் என்னும் ஓவியர் அவருக்கு உருவமளித்தார். செவ்வுடை அப்போதே வழக்கில் வந்துவிட்டது. கொகா கோலா விளம்பரத்துக்காக ஹடன் சண்ட்புளோம் வரையத் தொடங்கியது 1931இலே. முதலாளி படைக்கவில்லை, மக்கள் படைத்ததை எடுத்து விலைச்சீட்டு ஒட்டினான். படைத்தவன் அவனே என்று சொல்லும் தோழர், தம்மையறியாமல் அவனுக்கு அளவுக்கு மிஞ்சிய புகழைச் சூட்டுகிறார்.

ஆனால் 1823இல் நடந்த மாற்றம் சிறிதன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிஸ்ஸன்பாம் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பழைய நத்தார் தலைகீழ்த் திருநாள். உரோமரின் சனிதேவன் விழாவில் எசமான் அடிமைக்கு உணவு பரிமாறிய வழக்கத்தைப் போல, பழைய இங்கிலாந்திலும் ஏழைகள் கூட்டமாய்ப் பாடிக்கொண்டு செல்வர் வாயிலில் நிற்பார்கள். உள்ளே அழைத்து நல்ல உணவும் மதுவும் தரல் வேண்டும். அப்பாட்டில் வாழ்த்தும் இருந்தது, தராவிட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்ற மிரட்டலும் இருந்தது. ஓராண்டுக்கு ஒரு முறையேனும் உழுதவன் தன் விளைச்சலிற் பங்கைக் கேட்டான். இரவில் கரோல் பாடிக்கொண்டு நம் படலைக்கு வரும் பிள்ளைகள், தாம் அறியாவிட்டாலும், அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் பெருநகராய் வளர்ந்தது. வேலையற்ற இளைஞர் கூட்டமாய்ச் சேர்ந்து வாயிலில் வந்து நின்றபோது, செல்வருக்கு அவர்கள் தம் குடியானவராகத் தெரியவில்லை. அச்சுறுத்தும் அந்நியராகத் தெரிந்தார்கள். கதவு மூடப்பட்டது, புகைபோக்கி திறக்கப்பட்டது. எளியோர்க்கு வாயிலிற் கொடுக்கவேண்டியிருந்ததை, வீட்டுக்குள்ளே தம் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாற் போதும் என்றாயிற்று. கொடுக்கும் கை மறைந்து, நத்தார் தாத்தா கொடுப்பதாயிற்று. பொருளோ கடையிலிருந்து வந்தது. லண்டனில் ஹென்றி கோல் 1843இல் அச்சிட்ட முதல் வியாபார நத்தார் அட்டை ஒரு ஷில்லிங்குக்கு விற்பனையாயிற்று. அதன் நடுவே குடும்பமொன்று மது அருந்தி மகிழ்கிறது. இரு மருங்கிலும் சிறிய கட்டங்களில் ஏழைக்கு உணவும் உடையும் அளிக்கப்படுகின்றன. ஏழை நடுக் கூடத்திலிருந்து ஓரச் சித்திரத்துக்குப் போய்விட்டான்!

மூலத்தை நேர்மையாய்த் தேடினால் நாம் சென்றடையும் இடம் இதுவே. யார் கொடுத்தார், யார் பெற்றார், யார் உழைத்தார் என்பதே இவ்வழக்கங்களின் சரித்திரம்.

*

இனிக் கல்குடாவுக்குத் திரும்புவோம்.

நத்தார் பறங்கியுடையது என்கிறவரை அமர்ந்து பேச அழைக்கிறோம். அவர் அமர்வது கதிரையில், கழற்றிவைப்பது சப்பாத்து, உண்பது பாண், புத்தகம் வைத்திருப்பது அலுமாரியில், அவர் வீட்டில் உலை கொதிப்பது குசினியில். ஐந்தும் போர்த்துக்கேயச் சொற்கள். 'நத்தார்' என்ற சொல்லும் பிறப்பு நாளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. சிங்கள மக்கள் அதையே 'நத்தல' என்பர். 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தாண்டுகளில், 1638இல், ஒல்லாந்தரிடம் அதை இழந்து வெளியேறினார்கள். கோட்டை கைமாறிற்று, சொல் தங்கிற்று. ஆண்டவனின் மொழியை ஆளப்பட்டவன் தன் நாவிலே வளைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டான்.

மட்டக்களப்பிலே பறங்கியர் என்று நாம் அழைக்கும் மக்கள் மாளிகைவாசிகள் அல்லர். தச்சரும் கொல்லரும் பொறிவினைஞருமாய் உழைத்துண்ட குடும்பத்தினர். போர்த்துக்கேய மொழியின் திரிந்த வடிவமொன்று இன்றும் அவர்களிற் சிலர் வீடுகளிற் பேசப்படுகிறது. வயலினும் கைப்பறையுமாக அவர்கள் ஆடும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலே ஆபிரிக்க மண்ணின் தாளமும் கலந்துள்ளது. நத்தார்க் கேக்கைப் பாருங்கள். கோதுமை மாவைக் காட்டிலும் ரவையே அதன் உயிர். அதிலிடும் கஜு பிரேசிலிற் பிறந்து, போர்த்துக்கேயக் கப்பலில் ஏறி, மட்டக்களப்பின் மணல்நிலத்தில் வேர்விட்ட மரத்தின் கொட்டை. ஒரு துண்டுக் கேக்கிலே மூன்று கண்டங்களின் உழைப்பாளர் கைபட்டிருக்கிறது.

பண்பாட்டுக் காவலரிடம் மேலும் ஒன்று கேட்கிறோம். வைகாசி மாதத்தில் மட்டக்களப்புத் தேசமெங்கும் கண்ணகியம்மன் சடங்கு நடைபெறுகிறது. அந்தக் கண்ணகி இம்மண்ணிற் பிறந்தவளா? புகாரிற் பிறந்து, மதுரையை எரித்து, சேரநாட்டிற் கோயில் கொண்டு, கடல்கடந்து இங்கு வந்தவள். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். அவளை அந்நியள் என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? கடல் கொண்டுவந்ததையெல்லாம் கடலுக்கே திருப்பி அனுப்புவதென்றால் இந்தக் கரையில் எஞ்சுவது மணல் மட்டுமே.

*

ஆயின் நத்தார் நம்முடையது என்று சொல்லி ஆறுதலடைந்து விடலாமா? இல்லை. கேட்கவேண்டிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பிய உழவனுக்கு டிசெம்பர் நிறைவின் மாதம் என்றோம். கல்குடாவில் அது வெறுமையின் மாதம். வாடைக்காற்று வீசிக் கடல் பொங்குகிறது. தோணி கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. பெரும்போக நெல் இன்னும் வயலிற் பச்சையாய் நிற்கிறது. அறுவடை தை பிறந்த பின்னரே. மழையிற் கூலிவேலை நின்றுபோகிறது. களஞ்சியம் நிறைந்த நாட்டின் பண்டிகை, களஞ்சியம் வெறுமையாயிருக்கும் காலத்தில் நம்மிடம் வருகிறது. முன்னாளில் அயலாரின் உதவி அந்த வெறுமையை நிரப்பியது. இன்று கடைக்காரனும் கடன்காரனும் நிரப்ப முன்வருகிறார்கள். பிள்ளைக்குப் புத்தாடை, வாயிலுக்கு மின்விளக்கு, மேசைக்குக் கேக்கு. நத்தார் தாத்தா கொடுப்பதாய்ப் பிள்ளை நம்புகிறது. வாரந்தோறும் வாயிலில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பவருக்குத் தாய் தலைகுனிகிறாள். இச்சுமை எத்தகையதென்றால், வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அரசே 2018இல் அறிவிக்க நேர்ந்தது. ஏழை செல்வர் வாயிலில் நின்று கேட்ட பண்டிகை, கடன்காரன் ஏழை வாயிலில் நின்று கேட்கும் பண்டிகையாகிவிட்டது. மாற்றாரின் பிறந்தநாளைத் தேடி வானத்தைப் பார்ப்போர் கண்ணில் இந்தத் தலைகீழ் மாற்றம் படவில்லை.

இந்த மண்ணில் நத்தாருக்கு இன்னுமொரு முகம் உண்டு. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காலைப்பொழுதிற் கடல் எழுந்து வந்தது. இலங்கைக் கரையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாம் அப்போது பள்ளி மாணவர். கல்குடாக் கரையிலே முதல்நாட் கட்டிய நட்சத்திர விளக்குகள் மரக்கிளைகளிற் சிக்கித் தொங்கியதை இன்றும் மறக்கவில்லை. கிறிஸ்தவன், இந்து, முஸ்லிம் என்று கடல் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவில், மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தினுள்ளே, வழிபாட்டின் நடுவில் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்து, குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள்.

நம் தெருவில் நத்தாருக்குப் பலகாரத் தட்டு மூன்று திக்கும் போகும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அதே தட்டு நிறைந்து திரும்பிவரும். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது பெண்கள் காத்துவரும் எழுதாச் சட்டம். 2019 நத்தாரில் அத்தட்டுகளிற் சில போகவில்லை. அச்சமும் ஐயமும் நடுவே நின்றன. பின்னர் மூதாட்டி ஒருவர், எவர் சொல்லையும் கேளாமல், தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். அடுத்த பெருநாளுக்கு அது நிறைந்து வந்தது. பாலன் குடிலை வகுப்பறையிலிருந்து அகற்றச் சொல்பவரும், மரத்தைச் சாத்தானுடையது என்பவரும் அறிந்தோ அறியாமலோ தடுக்க முயல்வது இந்தத் தட்டைத்தான். இத்தட்டின் மூலம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் பழைய நத்தாரின் உயிர் எஞ்சியிருப்பது விடுதியின் மரத்திலன்று, இதிலேதான்.

*

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! வழக்கமொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பதைத் தடுக்க வேண்டாம். வகுப்பறையில் அதை உரக்கக் கேளுங்கள். விடையைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுக்காமல் சரித்திரத்திலிருந்து எடுங்கள். அடுத்து, அது இன்று யாருக்கு உணவூட்டுகிறது, யாரைக் கடனாளியாக்குகிறது, யாரை யாரோடு சேர்க்கிறது என்று கேளுங்கள். பாலன் குடிலும் பொங்கற் பானையும் பெருநாட் பிறையும் ஒரே பாடசாலையிற் பிள்ளைகளின் கையால் உருவாகட்டும். டிசெம்பர் 26 காலையில், எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும், கரைக்குப் போய் ஒரு விளக்கை ஏற்றட்டும். கடன்பட்டு வாங்கிய புத்தாடையைக் காட்டிலும் கடன்படாத பழைய ஆடை மானமுள்ளது என்று பெற்றோர் கூட்டத்திற் சொல்லத் துணிவோம்.

அந்த இளைஞனுக்கு நாம் தரும் விடையும் இதுவே. தம்பி, இந்த உடுப்பு மீராவின் ஆயரிலிருந்து நியூயோர்க் ஓவியன்வரை பலர் கைபட்டு வந்தது. எவருக்கும் தனியுரிமை இல்லை. உனக்கும் அது உரியதே, வெட்கப்படாதே. ஆனால் அதை அணிந்து நிற்கும் நேரத்தின் கூலியும் உனக்கே உரியது. இந்தப் பண்டிகையின் பழைய வழக்கத்தில், வாயிலில் நின்றவன் கேட்காமற் போனதில்லை. நீ நிற்பது வாயிலில். உன்னோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு, கேள்.